அவர் எழுதியது எல்லாம் உண்மை

போன வருடம் எங்கள் பள்ளியின் தமிழ்ப் பிரிவுத் தலைவி ஒரு கட்டு நகல் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். இடைநிலைப்பள்ளியின் கடைசி வகுப்பான படிவம் ஐந்து பிள்ளைகளுக்கு வாதக் கட்டுரை சொல்லிக்கொடுக்க. "எல்லாம் ஞாயிறு பேப்பர்ல அவரு எழுதுறது. சமுதாயப் பிரச்சினைய எடுத்து எப்படி வாதம் பண்றாரு பாருங்க டீச்சர். பிள்ளைங்கள வரி வரியா அலசச் சொல்லுங்க," என்றார். அவர் என்று சொன்னால் இங்கே மலேசியாவில் தமிழ்ப் பேப்பர் வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். நான் பெயர் சொல்ல மாட்டேன். சொல்லி அவருக்கு இன்னும் கொஞ்சம் விளம்பரம் தேடித்தர எனக்கு மனசில்லை.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷனுக்கு எழுத வரும். கட்டுக்குள் இருந்த கட்டுரைகளை எல்லாம் நான் ஒருமுறை படித்தேன். குடியைப் பற்றி, குண்டர் கும்பலைப் பற்றி, கல்யாணச் செலவைப் பற்றி, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விடும் பிள்ளைகளைப் பற்றி. தலைப்பு மாறும், ஆனால் உள்ளே இருக்கும் எலும்பு ஒன்றுதான். முதலில் தன் கண்ணால் பார்த்த ஒரு சின்னக் காட்சி. அடுத்தது அந்த மனிதர்களைப் பற்றி ஒரு வாய் நிறையப் புகழ்ச்சி. அதற்குப் பிறகு ஒரு ஆனால். அந்த ஆனாலுக்குப் பின்னே கேள்வி மேல் கேள்வி, ஒன்றுக்கும் பதில் சொல்ல மாட்டார், பதிலை நாமே சொல்லிக்கொள்ளும்படி விட்டுவிடுவார். நான் யாரையும் குறை சொல்லவில்லை என்று ஒரு வரி கட்டாயம் வரும், அதற்கு அடுத்த வரியில் குறை வரும். கடைசியில் சமுதாயம் எப்போது விழிக்கப் போகிறது என்ற பெருமூச்சு. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட லேசான கட்டுரைகள் கிடைக்காது. ஒவ்வொரு பத்திக்கும் ஒரு பெட்டி போட்டு, இது காட்சி, இது கேள்வி, இது பெருமூச்சு என்று எழுதச் சொல்லலாம்.

கட்டின் அடியில் இருந்த ஒரு கட்டுரைக்கு மட்டும் பெட்டி போட என் கை வரவில்லை. தங்க விளிம்பு போட்ட கண்ணாடிக் கோப்பையில் தனக்குச் சிவப்புச் சிராப் சர்பத் கொடுத்தார்கள் என்று அந்தக் கட்டுரை ஆரம்பிக்கும். எனக்கு மேலே படிக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தச் சிராப்பைக் கலந்தது நான்.

நாங்கள் இருந்தது சுவா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். அப்பா குலை வெட்டினார், அம்மா அவருக்குப் பின்னால் உதிரிப் பழம் பொறுக்கினாள். அப்பா போன பிறகும் அம்மா பொறுக்கிக்கொண்டுதான் இருந்தாள். நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்த சமயம், தோட்டத்தை வீடமைப்புக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. எல்லாரும் காலி பண்ண வேண்டும். எங்கள் ஆட்கள் கேட்டது ஒன்றுதான்: கோயில் பக்கம் ஒரு மூலையில் ஒரு வரிசை சின்ன வீடு கட்டிக் கொடுங்கள், எல்லாரும் சேர்ந்தே இருந்துகொள்கிறோம். கம்பெனி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பார்க்கலாம், பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு வேறு ஆசை என்று எதுவும் கிடையாது. கதவைத் திறந்தால் மண் தெரியணும், பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிட்டால் காதில் விழணும், அவ்வளவுதான். அந்த வீடு வருமா வராதா என்ற ஒரே பேச்சில்தான் அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர்தான் யோசனை சொன்னார். பேப்பரில் வந்தால் கம்பெனிக்காரன் பயப்படுவான், பெரிய ஆளுங்க காதுக்குப் போகும் என்றார். யார் யாரையோ பிடித்து, அந்த எழுத்தாளரை ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வரவழைத்தார்கள். லயத்தின், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், நடுவில் இருந்தது எங்கள் வீடு என்பதால் அவரை எங்கள் வீட்டில் உட்கார வைப்பது என்று முடிவானது.

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டுக்கு முக்கியமான ஆள் வருகிறார் என்றால், பெண் பார்க்க வருகிறவர்களோ, பட்டணத்துச் சம்பந்தியோ, யாராக இருந்தாலும், அன்றைக்கு லயத்தில் இருக்கிற நல்ல பொருள் எல்லாம் அந்த வீட்டுக்கு வந்துவிடும். யாரும் கேட்கவே வேண்டாம். மண்டோர் வீட்டு சோபாவை ஆம்பளைகள் தூக்கி வருவார்கள். கடைசி வீட்டுப் பெரிய டிவி வரும். புதிதாகக் கல்யாணம் முடித்த வீட்டிலிருந்து சீர் வந்த கோப்பை வரும், தட்டு வரும், கதவுக்குப் போட சரிகைத் திரை வரும். விருந்தாளி போனதும் எல்லாம் அதது வீட்டுக்குப் போய்விடும். இதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை. வந்தவர் முன்னால் ஒரு வீட்டு மானம் போனால் லயத்தின் மானமே போன மாதிரி, அதனால் எல்லாரும் சேர்ந்து காப்பாற்றுவார்கள். வந்து உட்காருகிறவர்களுக்கும் இது தெரியும், ஏனென்றால் அவர்களும் வேறொரு தோட்டத்து லயத்திலிருந்துதான் வந்திருப்பார்கள். அந்த எழுத்தாளருக்குத் தெரியாது. அவர் சிரம்பான் டவுனில் பிறந்து வளர்ந்தவர்.

நான் சனிக்கிழமையே வந்துவிட்டேன். வாசலில் சோபா இறங்குவதைப் பார்த்ததும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அவரு பாக்க வர்றதே நம்ம கஷ்டத்ததாம்மா. இதெல்லாம் எதுக்கு? தூக்கிட்டுப் போகச் சொல்லு," என்றேன்.

அம்மா சோபா மேல் துண்டு போட்டுத் துடைத்துக்கொண்டே, "கஷ்டத்து மேலயா ஒரு மனுஷன ஒக்கார வைக்க முடியும்? வர்றவரு மொதல்ல சாப்புடட்டும். கஷ்டத்த அப்பறம் வாயால சொல்லிக்கலாம்லா," என்றாள். பக்கத்து வீட்டு அக்காவும் அவள் பக்கம். நான் ஒருத்தி கத்தி என்ன ஆகப் போகிறது. கூரை ஒழுகுகிற இடத்தில் எப்போதும் இருக்கும் வாளியை அம்மா பின்பக்கம் கொண்டுபோய் வைத்தாள். சோபாவை ஒழுகாத மூலையில் போட்டார்கள்.

அவர் வந்தார். நல்ல மனுஷனாகத்தான் பேசினார். கோழிப் பிரட்டலை இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மாவுக்கு அதில் ரொம்பச் சந்தோஷம். சாப்பிட்டு முடித்துச் சாய்ந்து உட்கார்ந்து, "இங்க வாழ்க்கை எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். எந்தத் தோட்டத்தில் எந்த அம்மாவிடம் கேட்டாலும் விருந்தாளிக்கு ஒரே பதில்தான் வரும். "எங்களுக்கு என்ன கொறச்சல் ஐயா, ஆண்டவன் புண்ணியத்துல நல்லா இருக்கோம்," என்றாள் அம்மா. அது பேச்சை ஆரம்பிக்கிற பேச்சு. அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வரும், கேட்கிறவர் கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்திருந்தால். அவர் அதைச் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். மண்டோர், நாங்கள் வீடு கேட்கும் விஷயத்தைச் சொன்னார், அதையும் குறித்துக்கொண்டார். பின்னால் இருக்கும் அடைத்துப்போன கால்வாயைக் காட்ட ஒருவர் கூப்பிட்டார். நேரமாச்சு, இன்னொரு நிகழ்ச்சிக்குப் போகணும் என்று எழுந்தார். வாசல்வரை லயமே வந்து கும்பிட்டு அனுப்பியது. கார் திரும்பியதும் சோபாவைத் தூக்கினார்கள்.

கட்டுரை வெளிவந்த அன்று மண்டோர் பேப்பர் வாங்கி வந்தார். எல்லாரும் கூடி நிற்க, நான்தான் சத்தமாகப் படித்தேன். கோப்பையில் ஆரம்பித்தது. அம்மாவின் கைப்பக்குவத்தை ஒரு பத்தி புகழ்ந்தது, அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்தாள். எனக்கு அடுத்த பத்தி கண்ணில் பட்டுவிட்டது. குரல் தானாக இறங்கியது. சத்தமா படி தங்கச்சி என்றார்கள். படித்தேன். ஆனால் என்று ஆரம்பித்தது. அந்த டிவி தன் வீட்டு டிவியைவிடப் பெரியது. சோபா புதியது. எங்களுக்கு என்ன குறைச்சல் என்று அந்தத் தாயே சொல்கிறார். அப்படியானால் யார் ஏழை? கையில் வருவதைப் பகட்டுக்குச் செலவழித்துவிட்டு வீட்டுக்கு மட்டும் ஏன் அடுத்தவரிடம் கையேந்துகிறோம்? தோட்டத்தை விட்டு வெளியே வரப் பயமா, சோம்பலா? நான் யாரையும் குறை சொல்லவில்லை. சமுதாயம் எப்போது விழிக்கும்.

புதிதாகக் கல்யாணமான அந்தப் பெண், கோப்பைக்குச் சொந்தக்காரி, தான் என்னமோ தப்புச் செய்துவிட்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அவர் பொய் எழுதியிருந்தால் சண்டைக்குப் போயிருக்கலாம். கோப்பை உண்மை. டிவி உண்மை. அம்மா சொன்னதும் உண்மை. இது யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் லயமே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கும்.

அடுத்த கூட்டத்துக்கு வந்த கம்பெனி அதிகாரி அந்தப் பக்கத்தை நறுக்கி எடுத்து வந்திருந்தார். தமிழ் படிக்கத் தெரியாதவர், யாரோ மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். உங்க ஆளே இப்படி எழுதியிருக்காரே என்று மலாயில் சொல்லி மேசைமேல் வைத்தார். கூட நிற்கிறோம் என்று சொன்ன பெரிய மனிதர்கள் அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. தானாகத் தெரிந்தது, மூலையும் இல்லை, வரிசையும் இல்லை. கையில் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு திசையாகப் போனோம். கட்டுரை வராவிட்டால் வீடு கிடைத்திருக்குமா என்று என்னிடம் கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் அது வந்த நாளோடு எங்கள் வாய் அடைத்துப்போனது, அது மட்டும் எனக்குத் தெரியும்.

அம்மா இப்போது சிரம்பான் பக்கம் பாரோயில் ஒரு வாடகை பிளாட்டில், நாலாவது மாடியில் இருக்கிறாள். லிஃப்ட் வேலை செய்வதைவிட செய்யாத நாள்தான் அதிகம். முட்டி வலி. என்னோடு வந்து இரு என்றால் மருமகன் வீட்டில் எப்படி இருப்பது என்று ஒரு கதை சொல்வாள். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்கு முழுசாகத் தெரியாது. கதவைத் திறந்தால் எதிர் பிளாக்கின் துணிக்கொடி தெரியும்.

சரி, அந்த நகல் கட்டுக்கு வருகிறேன். அந்தக் கட்டுரையை எடுத்து ஒளித்து வைத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு எனக்கே ஒரு வீம்பு வந்தது. பிள்ளைகள் புத்திசாலிகள், வரி வரியாக அலசினால் ஓட்டை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள், பார்க்கலாம் என்று வகுப்புக்குக் கொண்டுபோனேன். எதுவும் சொல்லவில்லை. படித்துவிட்டு உங்கள் கருத்தை எழுதுங்கள் என்றேன்.

கண்டுபிடித்தார்கள் நன்றாக. பின் வரிசையில் ஒரு பெண், நன்றாக எழுதுகிறவள், கை தூக்கி, "இவ்ளோ வசதி இருக்கறவங்களுக்கு எதுக்கு டீச்சர் வீடு குடுக்கணும்? இவங்களாலதான் நம்ம பேரே கெட்டுப்போகுது," என்றாள். வகுப்பே ஆமாம் போட்டது.

"உங்க தாத்தா எங்க இருந்தாரும்மா?" என்று கேட்டேன்.

"தம்பின் டவுன் பக்கம் ஒரு எஸ்டேட்ல இருந்தாரு, டீச்சர்."

"இப்ப அங்க வீடு இருக்கா?"

"இல்ல டீச்சர். ஏன் அங்கருந்து வந்துட்டாங்கன்னு தெரியல. அப்பா சொன்னதில்ல," என்றாள். சொல்லிவிட்டு எழுதுவதற்குக் குனிந்துவிட்டாள். அவள் எழுதிய கட்டுரை வகுப்பிலேயே சிறந்தது. காட்சி, கேள்வி, பெருமூச்சு எல்லாம் அதது இடத்தில் இருந்தது. தேர்வில் இதற்குத்தான் மதிப்பெண். அந்தப் பிள்ளைமேல் என்ன கோபம், போட்டேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

போதாக்குறைக்குத் தலைவி அந்த எழுத்தாளரைச் சந்தித்த ஒரு நிகழ்ச்சியில், உங்கள் கட்டுரையை எங்கள் பள்ளியில் பாடமாக எடுக்கிறோம், எடுக்கிற டீச்சரே அந்தத் தோட்டத்துப் பிள்ளைதான் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். மறுநாளே எனக்குப் போன் வந்தது. குரல் மாறவே இல்லை. "அந்த அம்மா சொகமா இருக்காங்களாம்மா? அந்த உபசாரம் இருக்கே, இன்னைக்கும் மறக்கல. இப்பல்லாம் பிளாட்ல யாரும் கதவே தெறக்கறதில்ல. நம்ம சமுதாயம் அந்தப் பண்பாட்ட எங்க தொலைச்சுதுன்னு ஒரு கட்டுரை எழுதணும். அவங்கள ஒரு தடவை பாக்கணுமே," என்றார்.

எங்கே தொலைத்தது என்று அவர் என்னிடம் கேட்கிறார். அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அம்மா எடுத்த எடுப்பில் வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். அவள், "வரச் சொல்லு," என்றாள்.

அவ்வளவுதான், மறுபடி ஆரம்பித்துவிடுவாள், கீழ்மாடி மலாய்க்காரப் பெண்ணிடமாவது நாற்காலி வாங்கப் போவாள் என்று எனக்குக் கவலை. ஞாயிறு காலையில் சீக்கிரமே போனேன். வீடு அன்றாடம் இருக்கிற மாதிரியே இருந்தது. மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து வரும் ஒழுகுகிற குழாய்க்குக் கீழே வாளி, நடுக்கூடத்திலேயே. கொடியில் துணி. அடுப்பில் ஒன்றும் இல்லை. அம்மா கைலியோடு இருந்தாள். நல்ல சேலை எடுத்துத் தரவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. அவர் ஏறி வந்து நின்றபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, மூச்சு வாங்கியது. வயதாகிவிட்டது அவருக்கும். அம்மா வாங்க என்று சொன்னாள். சொல்லிவிட்டு வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் தான் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வந்தவர் நிற்க அவள் உட்கார்ந்ததை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. அவர் சிரித்தபடி சுவரில் சாய்ந்து நின்றார்.

"அன்னிக்கு நீங்க ஒக்காந்த சோபா மண்டோர் வீட்டுது ஐயா," என்றாள் அம்மா. குரலில் கோபம் இல்லை. "டிவி கடைசி வீட்டுது. கோப்பை ஒரு கல்யாணப் பொண்ணுது. கோழி மட்டும் எங்களது. நீங்க கேக்கல, நாங்களும் சொல்லல. இப்ப பாத்துக்குங்க, இதுதான் எங்க வீடு."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து, "கொஞ்சம் தண்ணி கெடைக்குமாம்மா?" என்றார்.

தரையில் உட்கார்ந்திருந்த நான் எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "கீழ கடை இருக்கு," என்றாள்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். படியில் இருமல் சத்தம் கீழே போகப் போகக் குறைந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி, நன்றாக வேண்டும் என்று. திரும்பிப் பார்த்தால் அம்மா அழுதுகொண்டிருந்தாள். தோட்டத்தை விட்டு லோரியில் ஏறிய அன்றுகூட அழாதவள். "ஒரு மனுஷன் வாய்விட்டுத் தண்ணி கேட்டான். குடுக்கலயே நான்," என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அன்று பகல் அவளும் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு கட்டுரை வந்தது. ஒரு காலத்தில் தங்க விளிம்புக் கோப்பையில் சிராப் கொடுத்த அதே கை, இன்று தாகத்துக்குத் தண்ணீர் தரவில்லை என்று ஆரம்பித்தது. சோபா யாருடையது என்பது அதில் எங்கும் வரவில்லை. பிளாட் வாழ்க்கை நம் மனசையும் பூட்டிவிட்டதா என்று கேட்டிருந்தார். யாரையும் குறை சொல்லவில்லை என்றும் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை நான் பள்ளிக்குப் போகும்போது தலைவி அதை நகலெடுத்து என் மேசைமேல் வைத்திருந்தார். இந்த முறை ஆரம்பமே அபாரம், பிள்ளைகளுக்குக் கட்டாயம் கொடுங்கள் என்று மேலே ஒரு குறிப்பு.

மத்தியானம் அம்மா போன் செய்தாள். "ஏதாச்சும் எழுதியிருக்காரா?"

"ஒன்னும் எழுதலம்மா."

"பொய் சொல்லாத. நான் தண்ணி குடுக்காதத எழுதிட்டாரா?"

நான் மேசைமேல் இருந்த நகலைக் கவிழ்த்து வைத்தேன்.

"எழுதட்டும்," என்றாள். "அது நெசந்தானே."